மறியற் காலத்துச் சம்பளம்

கொக்கிளாய்
1960 ஆவணி 8

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

உங்கடை மில் லொறியை ஒன்பது வருசம் ஓட்டின கிறகோரி எழுதிறன். மாதாவின்ரை காவல் உங்களுக்கு இருக்க வேணும்.

போன கிழமை கிளிநொச்சிக்கு வந்தனான். கேற்றடியிலை உங்கடை தம்பி பரமலிங்கம் ஐயா மறிச்சுப்போட்டார். "அக்கா ஆரையும் சந்திக்கிறேல்லை" எண்டார். நெல் காயப்போட்ட தளத்துக்கு அங்காலை நீங்கள் வெள்ளைச் சீலையோடை நிண்டதைக் கண்டனான். முதலாளி இல்லாத மில்லை நான் அண்டைக்குத்தான் முதல்முதல் பார்த்தது. அதாலை சத்தம் வைக்காமல் திரும்பீட்டன். நேரை சொல்ல வந்ததைத்தான் இப்ப எழுதிறன்.

நடந்தது உங்களுக்குத் தெரியாததில்லை. எண்டாலும் என்ரை வாயாலை ஒருக்காச் சொல்ல வேணும். போன வருசம் பங்குனியிலை நான் தனிய வவுனியாவுக்கு அரிசி ஏத்திக்கொண்டு போனனான். அங்கை இறக்கேக்கை பன்னிரண்டு மூட்டை குறைஞ்சது. அண்டைக்குப் பின்னேரம் வவுனியாவிலையிருந்து பஸ்ஸிலை வந்த உங்கடை தம்பி, புளியங்குளத்திலை ஒரு கடை வாசலிலை எங்கடை லொறி நிண்டு மூட்டை இறக்கினதைக் கண்டதாய்ச் சொன்னார். முதலாளி பொலிசிலை முறைப்பாடு குடுத்தார். கோட்டிலை நீதவான் அதை நம்பினார். அப்பீல் எடுத்தம். அப்பீல் முடியுமட்டும் வெளியிலை நிக்கப் பிணை கேட்டவை. காணி பூமி உள்ளவை ஒருத்தரும் எனக்காக வரேல்லை. யாழ்ப்பாணத்து மறியலிலை, சிறைக்குள்ளை, இருந்திட்டன்.

போன மாதம் கொழும்பிலை பெரிய கோடு என்னை விடுதலையாக்கிப்போட்டுது. ஓடுற பஸ்ஸிலை இருந்து மைம்மல் இருட்டுக்குள்ளை பார்த்தவர் அது ஆரின்ரை லொறி எண்டு அடிச்சுச் சொல்லேலாதாம். ஏத்தேக்கை மூட்டையை எண்ணினது ஆர் எண்டும் ஒருத்தரும் சொல்லேல்லையாம்.

அம்மா, நான் கேக்கிறது ரெண்டு. என்ரை வேலை எனக்கு வேணும். என்னைக் கூட்டிக்கொண்டு போன நாள் துவக்கம் இண்டைவரைக்கும் உள்ள சம்பளமும் வேணும். என்னை வேலையாலை நிப்பாட்டினதெண்டு முதலாளி ஒரு சொல்லுச் சொல்லேல்லை, ஒரு கடிதமும் தரேல்லை. அப்ப நான் இப்பவும் உங்கடை றைவர்தானே.

பணிவோடை,
கிறகோரி


கிளிநொச்சி
1960 ஆவணி 17

கிறகோரிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. நீர் விடுதலையானதைக் கேள்விப்பட்டேன். உம் மனைவி மார்கிறட்டை நினைத்துச் சந்தோசப்பட்டேன்.

மில் விஷயங்களைத் தம்பிதான் பார்க்கிறார். அவரிடம் உமது கடிதத்தைக் காட்டினேன். அவர் சொன்னதையும் என் யோசனையையும் சேர்த்து எழுதுகிறேன். மனவருத்தப்பட வேண்டாம்.

சம்பளம் என்பது செய்த வேலைக்குக் கொடுப்பது. நீர் இல்லாத மாதங்களில் லொறியை வேறொருவர் ஓட்டினார், பாலன் என்று ஒரு பிள்ளை. அவருக்குச் சம்பளம் கொடுத்தோம். ஒரு லொறிக்கு இரண்டு சாரதிகளுக்குக் கொடுக்க இந்த மில்லால் இயலாது. உம்மை மறியலில் வைத்தது அரசாங்கம், நாங்கள் அல்ல. முறைப்பாடு கொடுப்பது எவருக்கும் உள்ள உரிமை. விசாரித்துத் தண்டித்தது கோடு.

மேலும், நீர் செய்யவில்லை என்று கொழும்பு நீதவான்கள் சொல்லவில்லை, சந்தேகத்தின் பேரில்தான் விட்டார்கள் என்று தம்பி சொல்கிறார். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.

வேலையைப் பொறுத்தவரை, பாலனை இப்போது நிற்பாட்டுவது நியாயமில்லை. உமக்குப் பளைப் பக்கத்திலோ செட்டிகுளத்திலோ வேறு மில்லில் இடம் கிடைக்குமென்று நம்புகிறேன்.

உம் முதலாளி போய் எட்டு மாதமாகிறது. வீட்டுக்குள் இருந்த எனக்கு இந்த மில்லின் சத்தமே இன்னும் பழகவில்லை. இனியும் எழுதிச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ம. விமலேஸ்வரி


கொக்கிளாய்
1960 ஆவணி 25

அம்மாவுக்கு,

எழுத வேண்டாம் எண்டு சொன்ன பிறகும் எழுதிறன். கோவிக்காதேங்கோ. உங்கடை கடிதத்தை ஆறிப் படிச்சன், பேந்தும் படிச்சன். அதிலை பிழையான தமிழ் ஒண்டுமில்லை. நியாயம்தான் எனக்குப் பிடிபடேல்லை.

வேலை செய்யேல்லை எண்டு எழுதியிருக்கிறியள். நான் வராமல் விட்டனானோ? குடிச்சுப்போட்டுக் கிடந்தனானோ? வேறை ஆருக்கும் ஓடப் போனனானோ? பொலிஸ் வரேக்கை நான் லொறிக்குக் கீழை கிடந்து ஒயில் மாத்திக்கொண்டிருந்தனான். கையைத் துடைக்க விடேல்லை. வேலைக்கு நிண்ட மனுசனை வேலையிலையிருந்து பிடிச்சுக்கொண்டு போயிட்டு, நீ ஏன் வேலைக்கு வரேல்லை எண்டு கேட்டால் நான் என்னத்தைச் சொல்ல?

வைச்சது அரசாங்கம் எண்டுறியள். அரசாங்கத்துக்கு என்னைத் தெரியாது. முறைப்பாட்டிலை இருந்தது முதலாளியின்ரை கையெழுத்து, சாட்சி சொன்னது உங்கடை தம்பி. பயிரிலை மாடு இறங்கினால் மாட்டுக்காரன்தான் பதில் சொல்ல வேணும், மாட்டைக் கேக்கிறேல்லை.

சந்தேகம் எண்டும் எழுதியிருக்கிறியள். அம்மா, பெரிய கோட்டுக்குச் சந்தேகம் வந்தது உங்கடை ஆக்கள் சொன்ன சாட்சியிலை. என்னிலை இல்லை.

பளையிலை ஒரு மில்லுக்குப் போனனான். கடைசியாய் ஆரிட்டை நிண்டனீர், அவையின்ரை கடிதம் எங்கை எண்டு கேட்டவை. நான் இன்னும் நிக்கிறன் எண்டும் சொல்லேலாது, விலகீட்டன் எண்டும் சொல்லேலாது. செட்டிகுளத்துக்குப் போகவே இல்லை. என்ரை பேர் எனக்கு முன்னாலை பஸ் ஏறிப் போயிடுது.

மார்கிறட் இஞ்சை கருவாடு காயப்போடுறா. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனால் முந்தி இருக்கிற வாங்கிலை இருக்கிறேல்லை. பின்னாலை, கதவடியிலை. ஏனெண்டு நான் கேக்கிறேல்லை.

என்ரை வழக்குப் பார்த்த பிறக்கிராசியார் அரசாங்கத் தொழிற் கந்தோருக்கு எழுதச் சொல்றார். நிப்பாட்டாத வேலைக்காரன் எண்டால் கேக்க வழி இருக்காம். நான் இன்னும் எழுதேல்லை. எழுதினால் நீங்களும் நானும் ஒரு மேசைக்கு ரெண்டு பக்கத்திலை நிக்க வேணும். கோட்டிலை முதலாளிக்கு முன்னாலை நிண்டது எனக்குக் காணும்.

கிறகோரி


கிளிநொச்சி
1960 புரட்டாதி 10

கிறகோரிக்கு,

இத்துடன் நூறு ரூபாய்க்குக் காசுக்கட்டளை அனுப்புகிறேன். மார்கிறட்டுக்கு என் உதவியாக வைத்துக்கொள்ளவும். அவர் என் பிள்ளைப்பேற்றின்போது வந்து நின்று செய்ததை நான் மறக்கவில்லை.

தம்பிக்கு இது தெரியாது. பதில் எழுதத் தேவையில்லை.

விமலேஸ்வரி


கொக்கிளாய்
1960 புரட்டாதி 16

அம்மாவுக்கு,

காசுக்கட்டளையைத் திருப்பி இதுக்குள்ளை வைச்சிருக்கிறன். மார்கிறட்டுக்கு எண்டு வந்தபடியால் அவவைக் கேட்டுத்தான் அனுப்பிறன். அவ அதை வாங்கிப் பார்த்தா. பேந்து, "அம்மா நல்ல மனசோடைதான் அனுப்பியிருக்கிறா, எண்டாலும் அனுப்புங்கோ" எண்டா. வீட்டிலை அரிசி இல்லாத நேரத்திலை அவ அப்பிடிச் சொன்னவ எண்டதை நீங்கள் அறிய வேணும்.

உதவி களவெடுத்தவனுக்கும் குடுக்கலாம். பாவமெண்டு குடுக்கலாம், பிள்ளைகுட்டியைப் பார்த்துக் குடுக்கலாம். சம்பளம் அப்பிடி இல்லை. அதை வேலைக்காரனுக்குத்தான் குடுக்கலாம். உங்கடை நூறு ரூபாயை வாங்கினால் நான் களவெடுத்தன், நீங்கள் மன்னிச்சியள் எண்டு ஆகிடும். மன்னிக்கிறதுக்கு நான் ஒண்டும் செய்யேல்லை.

முதலாளி செத்ததை நான் மறியலுக்குள்ளைதான் கேள்விப்பட்டனான். வயல் தண்ணிப் பிரச்சினையிலை அடிபட்டு வந்த ஒரு கிளிநொச்சிப் பொடியன் சொன்னவன். அவனுக்கு நான் ஆரெண்டு தெரியாது. "மில் மயில்வாகனம் முதலாளி முடிஞ்சார்" எண்டு சும்மா கதையோடை கதையாய்ச் சொன்னான். அம்மா, நான் அவருக்காக அழுதன். அழுதுகொண்டே அவரோடை சண்டையும் பிடிச்சன். ஒன்பது வருசம் என்ரை பக்கத்திலை இருந்து வந்த மனுசன். வவுனியாவிலை கடைக்காரர் தாற காசை எண்ணாமல் என்ரை மடியிலை போட்டுப்போட்டு நித்திரை கொள்ளுவார். அப்பிடிப்பட்டவர் ஒரு பின்னேரத்திலை எப்பிடி மாறினார்? மூட்டை எங்கை எண்டு என்னை ஒருக்காக் கேட்டிருக்கலாம். கேக்கேல்லை. நேரை பொலிசுக்குப் போனார்.

நான் விடுதலையாகி வந்து அவரின்ரை முகத்துக்கு முன்னாலை நிக்க வேணும் எண்டுதான் அவ்வளவு காலமும் இருந்தனான். சத்தம் போடுறதுக்கில்லை. சும்மா நிக்க. அதுக்கும் வழியில்லாமல் போச்சு. அவர் என்னைக் கள்ளன் எண்டு நினைச்சபடியே போயிட்டார். அவருக்கு இனிச் சொல்லேலாது. மிச்சம் இருக்கிறது நீங்கள்தான். அதுதான் கந்தோருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறன்.

நீங்கள் என்ன நினைக்கிறியள் எண்டு ஒருக்காலும் எழுதேல்லை. தம்பி சொல்றார், தம்பி சொல்றார் எண்டுதான் எழுதிறியள்.

கிறகோரி


கிளிநொச்சி
1960 ஐப்பசி 21

கிறகோரிக்கு,

ஒரு மாதத்துக்கு மேல் பதில் எழுதாமல் இருந்தேன். உமது கடைசிக் கடிதத்தின் கடைசி வரி என்னைக் கோபப்படுத்தியது. பிறகு, கோபப்பட என்ன இருக்கிறது என்று யோசித்தேன். நான் என்ன நினைக்கிறேன் என்று எனக்கே தெரியாமல் இருந்ததுதான் உண்மை.

அதனால் நானே போய்ப் பார்க்க முடிவு செய்தேன். நீர் சிரிப்பீரோ தெரியாது. சென்ற வியாழக்கிழமை காலையில் வங்கி அலுவலாக வவுனியாவுக்குப் பஸ்ஸில் போனேன். போகுமுன் பாலனிடம் மட்டும் ஒரு வேலை சொன்னேன். "பின்னேரம் லொறியில் மூட்டை ஏற்றிக்கொண்டு புளியங்குளத்துக்குப் போ. அந்தக் கடை வாசலில் நிற்பாட்டு. என் பஸ் தாண்டும்வரை நில்" என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை.

திரும்பும்போது, தம்பி அன்று வந்த பின்னேரப் பஸ்ஸில்தான் ஏறினேன். அவர் இருந்ததாகக் கோட்டில் சொன்ன பக்கத்துச் சன்னலோரம் இருந்தேன். புளியங்குளம் வரும்போது நல்ல மைம்மல். மழையும் இலேசாகத் தூறியது. கடை வாசலில் லொறி நின்றது. பச்சை முகப்பு, பின்னால் படங்கு மூடியிருந்தது. ஒருவன் மூட்டையில் சாய்ந்து நின்றான். பாலன் நிற்பதுபோலவே இருந்தது. எனக்கு மனம் பாரமாகிப் போயிற்று. இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே, தம்பி சரியாகத்தானே கண்டிருக்கிறார், கிறகோரி எனக்குப் பொய்தானே எழுதுகிறார் என்று நினைத்தேன். உண்மையை எழுதுகிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

பஸ் மாங்குளம் சந்தியில் நின்றது. அங்கே றோட்டோரமாக ஒரு லொறி ஒரு சில்லுக் கழற்றியபடி நின்றது. பக்கத்தில் பாலன் கை முழுக்கக் கிறீஸோடு குந்தியிருந்தான். என்னைக் கண்டதும் பயந்து எழும்பினான்.

"அம்மா, கோவிக்காதேங்கோ. ரயர் வெடிச்சுப்போச்சு. புளியங்குளம் போய்ச்சேரேல்லை."

"நீ புளியங்குளத்துக்கு வரவே இல்லையா?"

"இல்லை அம்மா. மூண்டு மணி துவக்கம் இஞ்சைதான் நிக்கிறன்."

நான் பஸ்ஸால் இறங்கிப் போய் லொறியின் கதவில் கை வைத்தேன். எங்கள் லொறிதான். அப்படியென்றால் புளியங்குளத்தில் நான் கண்டது யாருடையது? யாரோ ஒருவருடையது. அதில் சாய்ந்து நின்றவன் யாரோ ஒருவன். கோட்டில் என்னைக் கூப்பிட்டிருந்தால் அது எங்கள் லொறி, அதில் நின்றது பாலன் என்று சத்தியம் பண்ணிச் சொல்லியிருப்பேன். அதை நம்பி அந்தப் பிள்ளையை உள்ளே போட்டிருப்பார்கள். பஸ்காரன் கோன் அடித்துக்கொண்டிருந்தான்.

இரண்டு நாள் தம்பிக்குச் சொல்லவில்லை. சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டில் சொன்னேன். கையை உதறிவிட்டு எழும்பினார். "அப்ப நான் பொய்ச் சாட்சி சொன்னனான் எண்டுறியளோ?" என்றார்.

"இல்லையடா. நீ கண்டதுபோலத்தான் நானும் கண்டேன். இல்லாத லொறியைத்தான் கண்டேன்" என்றேன்.

கையைக் கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்தார். பிறகு தானாகச் சொன்னார். "அண்டைக்கு ஒரு லொறியைக் கண்டனான், அவ்வளவுதான். மூட்டை குறைஞ்ச செய்தி வந்தவுடனை அத்தான், 'எங்கடை லொறிதானே?' எண்டு கேட்டவர். ஓம் எண்டனான். பேந்து பொலிசிலை கேட்டவை, கோட்டிலை கேட்டவை. ஒவ்வொருக்காலும் சொல்லச் சொல்ல எனக்கு நல்லாத் தெரிஞ்சமாதிரியே இருந்தது." அன்றைக்கே எழும்பி யாழ்ப்பாணம் போய்விட்டார். வருவாரோ தெரியாது.

அந்தப் பன்னிரண்டு மூட்டையும் எங்கே போனதென்று இன்றும் எனக்குத் தெரியாது. ஏற்றும்போது பிழையாக எண்ணியிருக்கலாம். மில்லிலேயே யாரும் எடுத்திருக்கலாம். தெரியாத ஒன்றுக்கு ஒரு மனிதனை உள்ளே வைத்தோம்.

இன்னொன்றும் எழுத வேண்டும். உம் முதலாளியைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது லொறியில்தான். பாலன்தான் ஓட்டினான். பள்ளத்தில் விழுந்து எழும்பியபோது அவர் கண்ணைத் திறக்காமல், "கிறகோரி, மெல்ல" என்றார். உம்மைக் கள்ளன் என்று நினைத்தபடி போனாரா இல்லையா என்று என்னால் சொல்ல முடியாது. அந்த நேரத்தில் லொறியை ஓட்டுவது நீர் என்று நினைத்தார். அது மட்டும் தெரியும்.

நீர் கள்ளனில்லை. இது தம்பி சொல்வதல்ல.

விமலேஸ்வரி


கொக்கிளாய்
1960 ஐப்பசி 29

அம்மாவுக்கு,

உங்கடை கடிதத்தை மார்கிறட்டுக்குச் சத்தமாய் வாசிச்சன். மாங்குளம் வந்தவுடனை, திருப்பி வாசியுங்கோ எண்டா. வாசிச்சன். இன்னொருக்கா எண்டா. பேந்து எழும்பிப் போய் கருவாட்டைப் பிரட்டிக்கொண்டு நிண்டா. மேகம் கறுத்துக்கிடந்த நேரம், பிரட்டத் தேவையே இல்லை.

முதலாளி சொன்னதை நான் அவவுக்கு வாசிக்கேல்லை. அதை எனக்கு மட்டும் வைச்சிருக்கிறன்.

ஒரு விஷயம், நீங்கள் நினைக்காதது. உங்கடை தம்பி வேணுமெண்டு பொய் சொன்னவர் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன். அவருக்கு என்னிலை என்ன கோவம், எங்கை பிழைச்சது எண்டு மறியலிலை இருந்து யோசிச்சு யோசிச்சு, நானே காரணங்களைக் கட்டி வைச்சிருந்தன். அது எனக்கு ஒரு பிடியாய் இருந்தது. இப்ப அவரும் கண்ணாலை கண்டதைத்தான் சொன்னவர் எண்டுறியள். சரி, நம்பிறன். ஆனால் ஒரு வருசத்துக்கு மேலை போச்சு, ஆரிலை கோவிக்கிறதெண்டு தெரியேல்லை. கோவிக்க ஆளில்லாமல் இருக்கிறது கோவத்தைவிடக் கஷ்டமாய்க் கிடக்கு.

அவரை யாழ்ப்பாணத்திலை விட்டுப்போடாதேங்கோ. நீங்கள் தனிய மில் நடத்தேலாது.

சம்பளத்தைப் பற்றி நீங்கள் ஒண்டும் எழுதேல்லை. மறந்திருக்க மாட்டியள். தாறதெண்டால் தபாலிலை அனுப்ப வேண்டாம். மாதக் கடைசியிலை எல்லாருக்கும் மேசை போட்டுக் குடுக்கிறமாதிரி, அந்த வரிசையிலை நிண்டு, பேர் கூப்பிட்டு வாங்க வேணும். மூட்டை தூக்கிறவை, நெல் அவிக்கிற பெண்டுகள் எல்லாரும் நிக்க வேணும். நான் போனதை அவையெல்லாரும் பார்த்தவை.

கிறகோரி


கிளிநொச்சி
1960 கார்த்திகை 14

கிறகோரிக்கு,

நான் மறக்கவில்லை. எப்படிக் கொடுப்பதென்று தெரியாமல்தான் எழுதவில்லை. மில்லில் காசு இல்லை. உள்ளதைச் சொல்கிறேன். இந்த மாதக் கடைசியில் அரைவாசி, மிச்சம் காலபோக அறுவடை முடிந்து நெல் வந்தவுடன். அதற்குச் சம்மதமா?

தம்பி வந்துவிட்டார். நீங்கள் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். முதலில், "குடுக்கிறதெண்டால் உங்கடை பங்கிலையிருந்து குடுங்கோ" என்றார். "இது என் தர்மமில்லை. மில் கொடுக்க வேண்டிய சம்பளம். உன் பங்கிலும் என் பங்கிலும் சேர்த்துத்தான்" என்றேன். இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. பிறகு, சரி என்றார்.

வேலையும் உங்களுடையதுதான். பாலனை நிற்பாட்டவில்லை. இரண்டாவது லொறியொன்று பழையதாக வாங்கும் யோசனை முதலாளி இருக்கும்போதே இருந்தது. அதுவரைக்கும் பாலன் மில்லுக்குள் வேலை செய்வான், அவனுக்கு இயந்திரம் பிடித்திருக்கிறது.

மாதக் கடைசி புதன்கிழமை வருகிறது. பின்னேரம் நான்கு மணிக்கு மேசை போடுவோம். நான்தான் பேர் கூப்பிடுவேன்.

விமலேஸ்வரி


கிளிநொச்சி, மில் கொட்டில்
1961 சித்திரை 30

அம்மாவுக்கு,

ஒரு வளவுக்குள்ளை இருந்துகொண்டு கடிதம் எழுதிறதெண்டு நினைப்பியள். வாயாலை சொன்னால் நீங்கள் ஏதும் சொல்லுவியள், நான் தலையை ஆட்டிப்போடுவன். அதுதான் எழுதிறன்.

அந்தப் புதன்கிழமையைப் பற்றி நான் உங்களோடை ஒருக்காலும் கதைக்கேல்லை. வரிசையிலை எனக்கு முன்னாலை நிண்ட இளையதம்பி அண்ணை திரும்பிப் பார்த்து, "முன்னுக்குப் போ" எண்டார். "இல்லை, என்ரை இடத்திலையே நிக்கிறன்" எண்டன். பேந்து நீங்கள் என்ரை பேரைக் கூப்பிட்டியள். "கிறகோரி, போன வருசம் பங்குனி துவக்கம்" எண்டு நீங்கள் சத்தமாய்ச் சொன்னியள். நெல் அவிக்கிற புனிதம் அக்கா மூக்கைச் சிந்தினா. நான் கையெழுத்து வைச்சுத் திரும்ப, உங்கடை தம்பி தராசடியிலையிருந்து வந்து லொறிச் சாவியை எனக்கு முன்னாலை வைச்சுப்போட்டுப் போனார். முகத்தைப் பார்க்கேல்லை. எனக்கு அது காணும் எண்டு அண்டைக்கு நினைச்சன். இப்பவும் அப்பிடித்தான். மிச்சக் காசும் போன மாதம் சொன்னபடி வந்திட்டுது. மார்கிறட் அடைவு வைச்ச தோட்டை மீட்டுப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போறா. முன் வாங்கிலைதான் இருக்கிறாவாம்.

அம்மா, எனக்கு நீங்கள் தர வேண்டியது ஒண்டுமில்லை. அதாலைதான் இதை எழுதக்கூடியதாய் இருக்கு.

நான் வேலையை விடப்போறன்.

ஆரும் ஒண்டும் சொல்லேல்லை. எல்லாரும் நல்லவையாய்த்தான் இருக்கினம். என்னிலைதான் பிழை. ஏத்தேக்கை நானே நிண்டு ஒவ்வொரு மூட்டையாய் எண்ணிறன், பேந்து படங்கைக் கழட்டித் திருப்பியும் எண்ணிறன். பொடியள் பார்த்துக்கொண்டு நிப்பாங்கள். வழியிலை ரீ குடிக்க நிப்பாட்டிறேல்லை. தண்ணி விடாய்ச்சாலும் நிப்பாட்டிறேல்லை. போன கிழமை கனகராயன்குளத்துக்குக் கிட்ட ஒரு மனுசி கைக்குழந்தையோடை கை காட்டினவ. ஆஸ்பத்திரிக்குப் போகவாக்கும். முந்தி எண்டால் ஏத்தியிருப்பன். லொறி நிண்டால் ஆரும் பார்ப்பினம் எண்டு கால் பிரேக்குக்குப் போகேல்லை. கொஞ்சத் தூரம் போய்த்தான் நிப்பாட்டினன். திரும்பிப் போய்ப் பார்க்க அவ இல்லை, வேறை ஏதோ வண்டியிலை போயிட்டா. அண்டைக்கு முடிவெடுத்தன். இப்பிடி ஓடிற றைவர் றோட்டுக்கு உதவாது.

கொக்கிளாயிலை மீன்காரர் சேர்ந்து ஐஸ் பெட்டியோடை ஒரு சின்ன லொறி எடுக்கினம். என்னைக் கேட்டவை. அந்தப் பாதை எனக்குப் புதுசு. புதுப் பாதையிலை பழைய பயம் வராதெண்டு நம்பிப் பார்க்கிறன்.

ஒரு மாதம் முந்திச் சொல்ல வேணும் எண்டது ஒழுங்கு. இதை அப்பிடி எடுங்கோ. வைகாசி முடியுமட்டும் முழுசாய் ஓடித் தருவன். பாலனுக்குப் பழக்கியும் விடுறன், கியர் மாத்தேக்கை அவசரப்படுறான்.

மீன்காரர் கடிதம் கேக்கினம். அதிலை நான் நானாய் விலகினதெண்டு எழுதித் தாங்கோ. அது போதும்.

கிறகோரி


கிளிநொச்சி
1961 வைகாசி 4

கிறகோரிக்கு,

மீன்காரருக்கு நீங்கள் கேட்ட கடிதத்தை நேற்று லொறியில் உங்கள் ஆசனத்தில் வைக்கச் சொன்னேன். பாலன் மறந்திருப்பான் என்று பயந்து, இதோடு இன்னொரு பிரதியும் வைக்கிறேன்.

உங்களை மறித்து நாலு வரி எழுதிக் கிழித்தேன். மறிக்க எனக்கு நியாயமில்லை.

அந்தக் கடிதத்தை எழுத எனக்கு ஒரு முழுக் காலை சென்றது. முதலில் எழுதியதில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் "மிகவும் நேர்மையானவர்" என்று எழுதியிருந்தேன். மனதார எழுதியதுதான். தம்பி வாசித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, போன வருசம் விலகின பரியாரியின்ரை மகனுக்கு இப்பிடி எழுதினனீங்களோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப இதை வாசிக்கிறவன், இவரைப் பற்றி மட்டும் ஏன் இப்பிடிச் சொல்ல வேண்டி வந்ததெண்டு யோசிப்பான்" என்றார். அவர் உங்களைப் பற்றி யோசித்துச் சொன்ன முதல் கதை அது. அதனால் வெட்டிவிட்டேன்.

இப்போது அதில் இருப்பது இவ்வளவுதான்: கிறகோரி என்பவர் 1950 தொடக்கம் 1961 வைகாசி முடிய இடைவிடாது இந்த மில்லின் சாரதியாக வேலை செய்தார். தானாக விலகுகிறார்.

"இடைவிடாது" என்ற சொல்லைத் தம்பிதான் சேர்க்கச் சொன்னார்.

விமலேஸ்வரி